ஒரு சொட்டு நெயில் பாலிஷின் சரித்திரம்



"சார், சரித்திரப் பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு" என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இதோ எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

டெக்சாஸில் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தேன் அல்லவா, அங்கே பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். போலீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியவர். காலை நடையில் பழக்கமாகி, ஒருநாள் தன் வீட்டுக் கார் ஷெட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு மேஜை, வைஸ், அரங்கள், சின்னச் சின்ன ஸ்குரூ டிரைவர்கள். நம் ஊர் வாட்ச் ரிப்பேர் கடையைப் பெரிதாக்கியது மாதிரி இருந்தது. ஒரு பெட்டியைத் திறந்து சிறிய ரிவால்வர் ஒன்றை எடுத்தார். முதலில் உருளையைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று எங்களுக்குக் காட்டினார். மாப்பிள்ளையிடம் கொடுத்து அவரையும் பார்க்கச் சொன்னார். அதன் பிறகுதான் என் கையில் கொடுத்தார்.

எடையே தெரியவில்லை. நம் பழைய பித்தளைச் சொம்பு அதைவிடக் கனக்கும். ஆனால் என் கண்ணில் பட்டது வேறு. குழலின் முனையில் சின்னதாகத் துருத்திக்கொண்டிருந்த இரும்பின் மேல் பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி.

"மாப்பிள்ளை, இது என்னன்னு கேளுங்க" என்றேன்.

கேட்டார். கிழவர் சிரித்துக்கொண்டே சொன்ன பதிலை மாப்பிள்ளை எனக்குச் சொன்னார்: "மாமா, அது அவர் மனைவியோட நெயில் பாலிஷாம்."

துப்பாக்கி முனையில் நெயில் பாலிஷ் எதற்கு? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஊர் திரும்பிய பிறகும் படித்துக்கொண்டே இருந்தேன். படிக்கப் படிக்க இந்த ஒரு சொட்டுக்குப் பின்னால் 170 வருடச் சரித்திரம் இருப்பது தெரிந்தது. எனக்குத் துப்பாக்கி மேல் ஆசை கிடையாது, யாரையும் வாங்கச் சொல்லவும் இல்லை. மனிதனின் கண்ணுக்கும் அவன் செய்த கருவிக்கும் நடுவே நடந்த ஒரு வழக்காக இதைப் படியுங்கள்.

முதலில் ஒரு சின்னப் பாடம்.

பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும். நானும் 1970களில் அந்தக் காக்கிச் சட்டையைப் போட்டவன்தான். தரையில் குப்புறப் படுத்து .22 ரைஃபிளைத் தோளில் சேர்த்துப் பிடிக்கச் சொல்வார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பது பேக்சைட், குழலின் முனையில் இருப்பது ஃபோர்சைட். பேக்சைட்டின் வெட்டுக்கு நடுவே ஃபோர்சைட்டின் முனை வரவேண்டும், அதன் மேல் இலக்கு உட்கார வேண்டும். தமிழில் பின்குறி, முன்குறி என்று வைத்துக்கொள்வோம்.

இதில் ஒரு சிக்கல். பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றும் மூன்று வெவ்வேறு தூரத்தில் இருக்கின்றன. நம் கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். ஏதோ ஒன்று தெளிந்தால் மற்றவை மங்கும். அதனால் முன்குறியைத் தெளிவாகப் பார், மற்ற இரண்டும் மங்கினால் மங்கட்டும் என்று சொல்லித் தருவார்கள். நாற்பது வயதுக்கு மேல் அந்த முன்குறியே மங்க ஆரம்பிக்கும். செய்தித்தாளைத் தள்ளிப் பிடித்துப் படிக்கிறோமே, அதே கோளாறுதான்.

இன்னொன்று கணக்கு. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் தவறு சிறிதாகும். ரைஃபிளில் இது 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்குறி 1 மி.மீ. விலகினால் 7 மீட்டர் தூரத்தில் குண்டு சுமார் 12 மி.மீ. விலகும். 2 அங்குலக் குழல் உள்ள சிறிய ரிவால்வரில் அந்த இடைவெளி ஏறக்குறைய 9 செ.மீ.தான். அதே 1 மி.மீ. தவறுக்குக் குண்டு சுமார் 78 மி.மீ. விலகிப் போகும். ஒத்த முக்கோணங்கள் பாடம்! "இதெல்லாம் எதுக்கு சார் படிக்கணும்" என்று கேட்டவர்கள் இப்போது கையைத் தூக்குங்கள்.

சரி, இனி சரித்திரம்.

சாமுவேல் கோல்ட் சுழல் துப்பாக்கிக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1836ல். அவருடைய கம்பெனி 1851ல் கொண்டுவந்த நேவி மாடலில் முன்குறி என்பது குழலின் முனையில் பதித்த சிறு பித்தளை மணி. பின்குறி எங்கே என்று தேடினால் கிடைக்காது. பழைய தமிழில் 'துப்பாக்கிக் குதிரை' என்று சொல்வோமே அந்த ஹேமர், அதன் உதட்டில் ஒரு சின்ன வெட்டு, அவ்வளவுதான். குதிரையைப் பின்னால் இழுத்தால்தான் அந்த வெட்டே கண்ணுக்குத் தெரியும். அசைகிற உறுப்பிலேயே பின்குறியை வைத்திருந்தார்கள்.

அதை வைத்தே சுட்டவர்கள் இருந்தார்கள். 'வைல்ட் பில்' ஹிக்காக் 1865 ஜூலையில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரின் சதுக்கத்தில் டேவிஸ் டட் என்பவரைச் சுமார் 75 கெஜ தூரத்திலிருந்து ஒரே குண்டில் வீழ்த்தினார். ஒரு பாக்கெட் கடிகாரத்தையும் சூதாட்டக் கடனையும் பற்றிய சண்டை! அந்த ஹிக்காக்குக்கே கடைசி வருடங்களில் கண்பார்வை கெட்டுவந்தது. 1876ல் டெட்வுட் ஊரில் சீட்டாடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்த ஒருவன் சுட்டுக் கொன்றான். எத்தனை பெரிய குறிகாரன் ஆனாலும் கண்ணுக்கு வயதாகத்தான் செய்யும்.

1873ல் கோல்ட் கம்பெனியின் பிரபலமான ராணுவ ரிவால்வர் வந்தது. கௌபாய் படங்களில் பார்ப்பீர்களே, அதேதான். இதில் பின்குறி அசையாத இடத்துக்கு வந்துவிட்டது. சட்டத்தின் மேல்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு காடி, முன்னால் ஒரு மெல்லிய தகடு. இதில் திருகி நகர்த்த எதுவுமே கிடையாது. குண்டு கீழே விழுந்தால் என்ன செய்வது? அரத்தை எடுத்து முன்குறியைத் தேய்க்க வேண்டும். முன்குறி குட்டையானால், அதைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவர நாம் குழலைச் சற்றுத் தூக்கிப் பிடிப்போம், குண்டு மேலே போகும். பக்கவாட்டில் விலகினால் தகட்டை லேசாக வளைப்பார்கள், அல்லது குழலையே ஒரு மயிரிழை திருப்புவார்கள்.

ஆக, சைட்டைத் தனக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது ஏதோ இன்றைய பணக்காரப் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். அரம் வைத்திருந்த ஒவ்வொருவனும் செய்த வேலைதான் அது. ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு. தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. 9 செ.மீ. இடைவெளி உள்ள சிறிய ரிவால்வரில் 7 மீட்டரில் 5 செ.மீ. மேலே கொண்டுவர சுமார் 0.64 மி.மீ. தேய்த்தால் போதும். ஒரு மில்லிமீட்டர் கூடக் கிடையாது! நாலு இழுப்பு இழுத்து, சுட்டுப் பார்த்து, மறுபடி நாலு இழுப்பு. நம் ஊர் ஆசாரிகளின் 'அளந்து அளந்து அறு' கதைதான்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் கைத்துப்பாக்கிப் போட்டிகள் பெருகின. அப்போதுதான் முன்குறியின் வடிவத்தைப் பற்றிய வாதம் ஆரம்பித்தது. மேடைகளில் வித்தை காட்டிய ஐரா பெய்ன் உருண்டை மணி போன்ற முன்குறியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பாஸ்டன் நகரத்து ஈ. ஈ. பாட்ரிட்ஜ் 1890களில் நேர் எதிராக ஒன்றைச் செய்தார்: சதுரமான கறுப்புத் தூண், அதற்குச் சதுரமான வெட்டு. தூணின் இரண்டு பக்கமும் சமமான வெளிச்சக் கோடு தெரிந்தால் குறி நேர், ஒன்று தடித்தால் கோணல். மேல்விளிம்பு தட்டையாக இருப்பதால் உயரமும் துல்லியம். உலகத்தில் இன்றும் பெரும்பாலான கைத்துப்பாக்கிகள் இந்தச் சதுர முறையில்தான் வருகின்றன, அவர் பெயர் யாருக்கும் தெரியாவிட்டாலும்.

அடுத்து வந்தது, சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகும் சின்னத் துப்பாக்கிகளின் காலம்.

1920களில் கோல்ட் கம்பெனியில் வேலை பார்த்த ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட் பெரிய ரிவால்வர்களை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். குழலை 2 அங்குலமாக அறுத்தார். துணியில் மாட்டாதபடி குதிரையின் கொம்பை நீக்கினார். கைப்பிடியை உருட்டினார். விசையைச் சுற்றியுள்ள வளையத்தின் முன்பாதியையே வெட்டி எடுத்தார். இந்தக் கடைசி வேலை ஆபத்தானது என்று பிற்காலத்தில் எல்லோரும் கைவிட்டார்கள். 1927ல் கோல்ட் கம்பெனியே டிடெக்டிவ் ஸ்பெஷல் என்று 2 அங்குலக் குழல், 6 தோட்டா, சுமார் 600 கிராம் எடையில் ஒன்றைக் கொண்டுவந்தது. முன்குறி அரை நிலா போல ஒரு சின்னத் தகடு. பின்குறி அதே பழைய காடி.

இந்தச் சின்னத் துப்பாக்கிக்கு சைட் எதற்கு என்று கேட்டவர்கள் அன்று நிறையப் பேர். சண்டை நடப்பதே நாலடி, பத்தடி தூரத்தில். உயிர் போகிற நேரத்தில் எவன் சைட் பார்க்கப் போகிறான்? ஷாங்காய் நகரப் போலீஸில் இருந்த ஃபேர்பெய்ர்னும் சைக்ஸும் தங்கள் அனுபவத்தை 1942ல் புத்தகமாக எழுதினார்கள். கிட்டத்துச் சண்டையில் சைட்டை நம்பாமல் உடலின் போக்கிலேயே சுடப் பழக்குவதுதான் அவர்கள் பாடம். அமெரிக்கப் போலீஸிலும் இடுப்பளவில் வைத்துச் சுடும் பழக்கம் பல வருடம் இருந்தது.

எதிர்க்கட்சியிலும் ஆள் இருந்தார்கள். மொன்டானா மாநிலத்து எட் மெக்கிவர்ன், 1932ல், 5 குண்டுகளை 0.45 வினாடியில் ஒரு கைப்பிடி இடத்துக்குள் சுட்டவர். அப்போது அவருக்கு வயது ஐம்பதுகளின் கடைசி. கொஞ்சம் குண்டான உடம்பு, கண்ணாடி போட்டவர். அத்தனை வேகக்காரர் சைட்டே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவரோ வேகமாகச் சுடும்போது கண்ணுக்குச் சட்டென்று படும் தங்க மணி முன்குறியை ஆராய்ந்து தேர்ந்தெடுத்தார். அவர் பெயரிலேயே அந்தச் சைட் விற்றது. 1938ல் அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள்.

அதே காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் கிங் என்பவரின் பட்டறை, துப்பாக்கிகளுக்கு விதவிதமான சைட் பொருத்திக் கொடுத்தது. அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. சிவப்பு நிற மணி முன்குறி, அதற்கு முன்னால் குழலின் மேல் ஒரு குட்டிக் கண்ணாடி. மேலிருந்து விழும் வெளிச்சத்தை அந்தக் கண்ணாடி வாங்கி மணியின் முகத்தில் அடிக்கும். மின்சாரம் இல்லை, பேட்டரி இல்லை. திண்ணையில் உட்கார்ந்து முகம் பார்க்கும் கண்ணாடியால் எதிர்வீட்டுச் சுவரில் வெயில் அடிப்போமே, அதே வித்தை!

1935ல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி தன் முதல் .357 மேக்னம் ரிவால்வரை ஒவ்வொரு வாடிக்கையாளர் கேட்டபடியும் தனித்தனியாகச் செய்து கொடுத்தது. குழல் நீளம், முன்குறி எல்லாம் வாங்குபவர் விருப்பம். முதல் துப்பாக்கி போனது எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவருக்கு. விலை 60 டாலர், அன்று பெரிய பணம். காசு உள்ளவனுக்குக் கம்பெனியே கண்ணுக்கு ஏற்ப செய்து தரும், இல்லாதவன் அரத்தைத் தேடிப் போகவேண்டும்.

1950 ஒரு முக்கியமான வருடம். கொலராடோ ஸ்பிரிங்ஸில் போலீஸ் தலைவர்கள் மாநாடு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் புதிய 5 தோட்டாச் சின்ன ரிவால்வரை அங்கே காட்டியது. பெயர் வைத்தது அந்தத் தலைவர்களே: சீஃப்ஸ் ஸ்பெஷல். கிட்டத்தட்ட அதே காலத்தில் கோல்ட் கம்பெனி கோப்ரா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இதன் உடல் அலுமினியக் கலவை, எடை சுமார் 425 கிராம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் 1952ல் ஏர்வெயிட் என்ற பெயரில் அலுமினிய வரிசையைத் தொடங்கியது. அமெரிக்க விமானப் படை இன்னும் இலேசாக வேண்டும் என்று உருளையையும் அலுமினியத்தில் செய்யச் சொன்னது. எடை 300 கிராம் அளவுக்கு இறங்கியது. ஆனால் அந்த உருளைகள் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கவில்லை. பின்னால் விமானப் படை அவற்றைத் திரும்ப வாங்கிப் பெரும்பாலானவற்றை அழித்துவிட்டது. எடையைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு என்று அந்த உருளைகள் காட்டின.

எடை குறைந்ததும் சைட்டுக்குப் புதிய தலைவலி. குண்டு குழலுக்குள் ஓடும் அந்தக் கண நேரத்திலேயே துப்பாக்கி உதைக்கத் தொடங்கி முனை மேலே எழும்புகிறது. கனமான குண்டு மெதுவாகப் போகும், குழலுக்குள் அதிக நேரம் இருக்கும். ஆகவே மேலே போய்ப் படும். இலேசான குண்டு சீக்கிரம் வெளியேறிக் கீழே படும். அந்தச் சின்ன ரிவால்வர்களின் காடியும் தகடும் அன்றைய வழக்கமான 158 கிரெய்ன், அதாவது சுமார் 10 கிராம் குண்டுக்கு ஏற்ப வைக்கப்பட்டவை. வேறு எடைத் தோட்டா போட்டால் குறி மாறும், துப்பாக்கி இலேசாக இருந்தால் இன்னும் அதிகமாக மாறும். கம்பெனி பொருத்தியது ஒரே ஒரு சைட். தோட்டாக்கள் பல, கைகள் பல, கண்கள் பல.

அந்த முன்குறியோ குழலோடு சேர்ந்தே கடைந்த இரும்பு, கழற்ற முடியாது. ஆரம்பத்தில் அகலம் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, சுமார் 2.5 மி.மீ. அதுவும் துப்பாக்கியின் சாம்பல் நிறத்திலேயே இருக்கும். பிறகு எட்டில் ஒரு பங்கு, சுமார் 3.2 மி.மீ. ஆக்கினார்கள். இந்த முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவான திருத்தத்துக்கு வருடங்கள் ஆயின.

சைட் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்குத் திருப்புமுனை 1959. கலிஃபோர்னியாவின் பிக் பேர் என்ற மலை ஊரில் ஜெஃப் கூப்பர் என்பவர் வேகச் சுடும் போட்டிகள் நடத்திவந்தார். 7 கெஜ தூரத்தில் பலூன்கள். எல்லோரும் உறையிலிருந்து உருவி இடுப்பிலிருந்தே படபடவென்று சுடுவார்கள், பாதி குண்டு காற்றில் போகும். ஜாக் வீவர் என்ற லாஸ் ஏஞ்சலஸ் ஷெரிஃப் அதிகாரி மட்டும் இரண்டு கையாலும் ரிவால்வரைப் பிடித்து, கண் மட்டத்துக்குத் தூக்கி, சைட்டைப் பார்த்துச் சுட்டார். மற்றவர்களைவிடக் கண நேரம் தாமதம். ஆனால் முதல் குண்டே பலூனில். அந்த வருடம் ஜெயித்தது அவர்தான். அவர் நின்ற விதத்துக்கு இன்றும் வீவர் நிலை என்றுதான் பெயர். கூப்பர் அதையே பாடமாக்கி ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தார்.

ஏழு கெஜத்தில் கூட சைட் தேவை என்று ஒரு பலூன் நிரூபித்துவிட்டது. இதில் நான் முக்கியமாக நினைப்பது வேகத்தை அல்ல. இடுப்பிலிருந்து சுட்டுத் தவறிய குண்டு எங்கே போகிறது? பலூன் மைதானத்தில் அது மண்மேட்டில் புதையும். தெருவில் அது யார் வீட்டுச் சன்னல், யார் குழந்தை என்று யாருக்குத் தெரியும்? டெக்சாஸ் பெரியவரும் அதைத்தான் சொன்னார். வேலையில் இருந்த முப்பது வருடமும் தன்னைத் தூங்கவிடாத பயம், குறி தவறிய குண்டு பற்றியதுதானாம். எதிரியைவிட அதற்குத்தான் பயந்தாராம். ஆரஞ்சுப் புள்ளி வைத்ததும் அதனால்தான். ஐம்பது வயதுக்கு மேல் சாம்பல் நிற முன்குறி சாம்பல் நிறக் காடிக்குள் கரைந்துபோக ஆரம்பித்திருக்கிறது. எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, முதலில் வெள்ளை பூசிக் காயவிட்டு, அதன் மேல் ஆரஞ்சு பூசினாராம். அடியில் வெள்ளை இல்லாவிட்டால் நிறம் எழும்பாது என்றார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் பெயிண்ட் அடிப்பது போல.

பிறகு வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1999ல் டைட்டேனியம் உருளை, 2001ல் அலுமினியத்தோடு சிறிது ஸ்காண்டியம் கலந்த உடல். .357 மேக்னம் ரிவால்வர் 340 கிராம் அளவுக்கு இறங்கியது. உதை கையைக் கிழிக்கும் என்பார்கள். சைட்டிலும் பட்டறைக்காரர்கள் விதவிதமாகச் செய்தார்கள். முன்குறியைக் கடைந்தெடுத்துவிட்டுச் சாய்வான காடி வெட்டி வேறு முன்குறி செருகினார்கள். இருட்டில் தானே ஒளிரும் டிரிட்டியம் வாயுக் குப்பி வைத்தார்கள். அதன் அரை ஆயுள் 12.3 வருடம். ஆகவே வருடம் போகப் போக மங்கும். முன்குறியில் பெரிய வெள்ளை உருண்டை, பின்னால் ஆழமில்லாத அகன்ற வெட்டு என்று ஒரு முறையும் வந்தது. இதன் மூலம் எங்கே தெரியுமா? இந்தியக் காடுகளிலும் ஆப்பிரிக்கக் காடுகளிலும் புலி, யானை வேட்டைக்குப் போன ஆங்கிலேயர்களின் இரட்டைக்குழல் ரைஃபிள்கள். பாய்ந்து வருகிற புலிக்கு முன்னால் துல்லியமான சதுரத்தைத் தேட நேரம் ஏது? பெரிய மணியும் அகன்ற பள்ளமும் போதும். நம் காட்டுப் பாடம் நூறு வருடம் கழித்துச் சட்டைப்பைத் துப்பாக்கியில் போய் உட்கார்ந்தது.

2009ல் ரூகர் கம்பெனியின் 380 கிராம் சொச்சம் எடையுள்ள எல்.சி.ஆர். வந்தது. அதில் முன்குறியை ஒரு சிறு ஊசியால் நிறுத்தியிருந்தார்கள். ஊசியைத் தட்டி எடுத்து, பிடித்த முன்குறியை மாட்டிக்கொள்ளலாம். அரமும் நெயில் பாலிஷுமாக மக்கள் தாங்களாகவே செய்துவந்ததைக் கம்பெனி ஒருவழியாக ஒத்துக்கொண்டது.

நம் நாட்டிலும் இலேசான ரிவால்வர் உண்டு. கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை 2014ல் நிர்பீக் என்ற பெயரில் டைட்டேனியம் கலவையில் .32 ரிவால்வர் ஒன்றைக் கொண்டுவந்தது. எடை 500 கிராம், விலை 1,20,000 ரூபாய்க்கு மேல். டெல்லிச் சம்பவத்துக்குப் பிறகு பெண்களுக்கென்று விளம்பரப்படுத்தினார்கள். அந்த விலையில் எந்தப் பெண் வாங்குவாள் என்று அன்றே பலர் கேட்டார்கள். 1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இங்கே தொடவே முடியாது. அப்படி இருப்பதும் நல்லதுதான் என்பது என் கருத்து. உங்களில் அமெரிக்காவில் இருப்பவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம், பின்னூட்டத்தில் சொல்லுங்கள். சண்டை மட்டும் வேண்டாம்.

இனி ஒரு சொந்த விஷயம். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேனோ என்னவோ.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. நான்காம் வகுப்பு, நாற்பது பிள்ளைகள், ஒரே கரும்பலகை. அதுவும் கறுப்பு போய்ச் சாம்பல் பூத்த பலகை. கடைசி வரிசையில் ஒரு பையன். நான் 8 எழுதினால் 3 என்று எழுதுவான். 6 எழுதினால் 0. கவனம் இல்லை, திமிர் என்று நானே முடிவு கட்டினேன். ஸ்கேலால் புறங்கையில் அடித்தேன். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, அந்த வருடம் முழுக்க. அவன் ஒருநாளும் அழவில்லை, எனக்குத் தெரியவில்லை என்று சொல்லவும் இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும் என்று அவன் நினைத்திருப்பான். பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை முகாம் நடந்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பையனுக்குப் பலகையே தெரியாதே, சார்" என்றார். கண்ணாடி போட்ட மறுநாள் அவன் போட்ட கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

ஆசிரியர் பயிற்சியில் எனக்குப் பாடம் நடத்தும் முறை எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையை முன் பெஞ்சில் உட்காரவைத்துப் பார் என்ற ஒரு வரியும் அதில் இருந்தது. நான்தான் செய்யவில்லை. பத்து நிமிட வேலை. அவன் கையில் கோளாறு இல்லை, புத்தியில் கோளாறு இல்லை. குறி கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த டெக்சாஸ் கார் ஷெட்டில் ஆரஞ்சுப் புள்ளியைப் பார்த்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவன் முகம்தான். கண்ணுக்குத் தெரியவில்லை என்று ஒரு போலீஸ்காரர் தன் மனைவியின் நெயில் பாலிஷை எடுத்துப் பூசிக்கொள்கிறார். ஒன்பது வயதுப் பையனுக்கு அந்த ஒரு சொட்டு நிறத்தை வைக்க வேண்டியவன் நான் அல்லவா?

அவன் இன்று நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். இந்தப் பக்கத்தைப் படிப்பவன், பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்பவன். ஒரு தடவை கூட அந்த ஸ்கேலைப் பற்றிப் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. தம்பி, பெயர் போடவில்லை, உனக்குத் தெரியும். அன்று கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பை இன்று எல்லோர் முன்னாலும் கேட்கிறேன்.

உங்களில் பதினேழு பேர் இப்போது ஆசிரியர்கள். எண்ணி வைத்திருக்கிறேன்! நாளைக்குப் பள்ளிக்கூடம் போனதும் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து உங்கள் பலகையை நீங்களே ஒரு தடவை பாருங்கள். அப்படியே கடைசி வரிசைப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு பலகையில் உள்ளதை வாசிக்கச் சொல்லுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம், அதைச் செய்தால் போதும்.

அடுத்த வாரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், இடது கண்ணில் புரை. ஆபரேஷன் முடிந்ததும் அடுத்த பதிவு. எழுத்துப் பிழை இருந்தால் இப்போதைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்